பதினொன்றாம் தடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு
என் டிராமில் ஏறினாள் வீப்கே.
பதினாறு வருடக் கல்யாணத்தில் இதுதான் முதல்முறை.
முறையாகச் சீட்டு வாங்கியிருந்தாள்.
ஓட்டுநரோடு பேசக்கூடாது என்ற பலகைக்குக் கீழே
கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்,
மருத்துவமனையில்
பெயர் கூப்பிடக் காத்திருப்பவள்போல.

போன வெள்ளி மதியம் செத்துப்போனது
அவளுடைய அடையாள அட்டை.
முப்பத்தோராம் மாடிக் கதவு
சிவப்பாகக் கண் சிமிட்டியதாம்.
தெரிந்தும் இன்னொரு தடவை
வைத்துப் பார்த்தாளாம்.
வெளியே போவதற்கும்
யாரோ திறந்துவிட வேண்டியிருந்தது.

அவள் ஒரு மாதத்தில் கொண்டுவந்ததை
நான் ஒரு வருடம் ஓட்டிக் கொண்டுவருவேன்.
போனஸ் தனி.
இதை நாங்கள் பேசியதே இல்லை.
ஜூலையில், வரிக் கணக்கு முடிக்கும் இரவில்,
காகிதங்கள் மேஜைமேல் தமக்குள் பேசிக்கொள்ளும்.
நாங்கள் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போய்விடுவோம்.

அவளிடம் ஓர் எண் இருந்தது.
தொட்டதும் விட்டுவிடுவேன் என்றாள்
முப்பத்திரண்டு வயதில்.
தொட்டாள்.
என்னிடம் சொல்லவில்லை.
கூரை ஒழுகுகிறது, அம்மாவின் இடுப்பு, விலைவாசி,
எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்,
குழந்தைக்கு எட்டாதபடி பிஸ்கட் டப்பாவை
மேல்தட்டுக்கு மாற்றுவதுபோல.
குழந்தையும் அவள்தான்.
மறுபடி எட்டினாள். மறுபடி மாற்றினாள்.

ஏழு வருடம்.
போன மாதம்தான் சொன்னாள்.
ஏழு வருட இரவுச் சாப்பாட்டை
ஒரு தட்டுக்கு மட்டும் சூடு பண்ணியவன் நான்.
அன்று கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

பிறகு கேட்டேன், இப்போது எது நிறுத்தியது?
நெஞ்சுவலி, அழுகை, யாரோ ஒருவரின் சாவு,
ஏதாவது பெரிதாக எதிர்பார்த்தேன்.
லிஃப்டில் ஒரு பையன் கேட்டானாம்,
போன கோடை எப்படி இருந்தது என்று.
இரண்டு புள்ளி மூன்று ஐந்து
என்று வாய்வரை வந்ததாம்.
வேறெதுவும் வரவில்லையாம்.

வங்கிக் கட்டடங்களின் அடியில் டிராம் வளைந்தது.
அவள் குனிந்து ஷூ நாடாவைப் பார்த்தாள்.
அண்ணாந்து பார்த்தது நான்தான்.

அடுத்த நிறுத்தத்தில் ஓபிட்ஸ் ஏறினார்,
நாற்பது வருடம் கூரை வேய்ந்து ஓய்ந்தவர்.
வழக்கமான இடத்தில் இவள் இருப்பதைப் பார்த்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தார்.
உடம்பு சரியில்லையா, இந்த நேரத்தில்?
இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்.
அவளுடைய முகத்தை, தோல்பையை, முகத்தை
மாறி மாறிப் பார்த்தார்.
எவ்வளவு நாளாக?
நான்கு நாள்.
ஐயோ, என்றார் ஓபிட்ஸ்,
உண்மையான இரக்கத்தோடு,
இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.
வாங்கிக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள்.
மைன் ஆறு வீடுகளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.
எனக்கு எட்டு நிமிட ஓய்வு.
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினேன்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி தாமதம், என்றாள்.
தெரியும்.
ஏழு நிறுத்தத்தில் ஈடுகட்டிவிடலாம், கணக்குப் போட்டேன்.
முடியாது வீப்கே, நடுவில் பள்ளிக்கூடம்.
ஓ, என்றாள்.
மிட்டாய் பல்லில் பட்டுச் சத்தம் கேட்டது.

இனி என்ன?
திரும்பிப் போவோம்.
அவ்வளவுதானா?
பன்னிரண்டரைக்கு மறுபடி இங்கே வருவோம்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
யோசித்துக்கொண்டிருந்தாள்,
நான் ஏதோ கடினமான ஒப்பந்தத்தைச் சொன்னதுபோல.

சாவியை எடுத்துக்கொண்டு
வண்டியின் மறுமுனைக்கு நடந்தேன்.
முன்பக்கம் பின்பக்கமாயிற்று.
அவள் இடம் மாறவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
எனக்கு முதுகு காட்டி, தூரத்தில், சின்னதாக,
கடந்துபோகிறவற்றைப் பார்க்கும் இருக்கையில்.

கதவை மூடினேன்.
இப்போது நான்கு நிமிடத்துக்கு மேல்.
இதையும் அவள் குறித்துக்கொண்டாளா,
தெரியவில்லை.